பாரிஸுக்குப் போன புள்ளி

திருமலைராயன்பட்டினத்தில் யாரையாவது நிறுத்தி, "பாரிஸ் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பூகோளம் சொல்ல மாட்டார்கள், உறவுமுறை சொல்வார்கள். "பெரியப்பா அங்கேதான் இருக்கிறார்", "சின்ன அத்தை மகள் போன கோடைக்கு வந்து போனாள்" என்கிற பாணியில் பதில் வரும். காரைக்காலைத் தாண்டி நாகப்பட்டினம் போகும் சாலையில், பஸ் கண்டக்டர்கள் "டி. ஆர். பட்டினம்" என்று சுருக்கிக் கூவுகிற இந்த ஊர், 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி வரையில் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்டில். அப்போது பிரெஞ்சுப் பிரஜையாகவே இருந்துவிடுவதா, இந்தியப் பிரஜையாவதா என்று பல குடும்பங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டி வந்தது. 'சொல்தா' தாத்தாவின் பென்ஷனை எண்ணிச் சிலர், வயலையும் தென்னந்தோப்பையும் எண்ணிச் சிலர் என்று முடிவு செய்தார்கள். போனவர்கள் போனார்கள்; இருந்தவர்கள் இருந்தார்கள். வரும்போது பெட்டி நிறையச் சாக்லேட்டும் வாசனைத் தைலமும், திரும்பும்போது பெட்டி நிறைய ஊறுகாயும் வடகமுமாகப் போய்வருகிறவர்களை இந்த ஊர்ப் பெண்மணிகள் நன்றாக அறிவார்கள்.

அவர்களிடம் எல்லோரும் கேட்க நினைத்து, மரியாதைக்காகக் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. "இத்தனை வருஷத்துக்குப் பிறகு உங்களுக்கு எதுதான் சொந்த ஊர்?"

இந்தக் கேள்வியை அறுபது வருஷ காலம் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு, வர்ணத்திலே பதில் சொல்லிக்கொண்டிருந்த ஓர் ஓவியர் இருந்தார். அவர் காரைக்கால்காரர் அல்ல, தமிழரும் அல்ல. ஸையத் ஹைதர் ரஸா என்பது அவர் பெயர். 1950-இல் பிரான்ஸுக்குக் கப்பலேறி, 2010-இன் கடைசியில்தான் ஊர் திரும்பினார். ஆனால், வாசலில் கோலம் போடுகிற எந்தப் பெண்ணுக்கும் அவருடைய சித்திரத்தைப் புரிந்துகொள்ளப் பிரெஞ்சும் வேண்டாம், ஹிந்தியும் வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சுவரில் ஒரு புள்ளி

மத்தியப் பிரதேசத்தில் மாண்ட்லா ஜில்லா முழுக்கக் காடு. நர்மதை ஆறு அதை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தக் காட்டில் பாபரியா என்ற சிற்றூரில் 1922 பிப்ரவரி 22-ஆம் தேதி ரஸா பிறந்தார். தகப்பனார் முகம்மது ரஸி காட்டு இலாகாவில் டெபுடி ரேஞ்சர். தாயார் தாஹிரா பேகம். ரேஞ்சர் உத்தியோகம் என்றால் வீடு காட்டுக்குள்ளேதான். பொழுது சாய்ந்தால் கும்மிருட்டு. அந்த இருட்டில் பையனுக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். விடிந்து, சந்தை நாளும் வந்து, கோண்டு ஜாதி ஜனங்கள் கலர் கலராக உடுத்திக்கொண்டு கூடும்போதுதான் போன உயிர் திரும்பி வருமாம். ராத்திரியின் கறுப்பும் சந்தையின் சிவப்பும் மஞ்சளும் தம்மைக் கடைசி வரையில் விடவில்லை என்று கிழவரான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ககையா என்ற ஊரில் ஆரம்பப் பள்ளிக்கூடம். பையனுக்குப் படிப்பில் கவனம் நிற்கவில்லை. காக்கையைப் பார்ப்பான், மரத்தைப் பார்ப்பான், வாத்தியாரை மட்டும் பார்க்க மாட்டான். நந்தலால் ஜாரியா என்ற அந்த வாத்தியார் பிரம்பை எடுக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்துச் சுவரில் ஒரு புள்ளியை வரைந்தார். "இதையே பார்த்துக்கொண்டு உட்கார். வேறெதையும் நினைக்காதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பையன் பார்த்தான். புள்ளி மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே நாற்பது வருஷத்துக்கு மேல் தூங்கிவிட்டது! அந்த நாற்பது வருஷத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பம்பாய்க்கு வந்தவர்

தமோவில் ஹைஸ்கூல், நாகபுரியில் ஓவியப் பள்ளி, பிறகு 1943-இல் பம்பாய். ஜே. ஜே. ஓவியக் கல்லூரியில் படிக்கலாம் என்று வந்தவர், வயிற்றுப் பிழைப்புக்காக எக்ஸ்பிரஸ் ப்ளாக் ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். பத்திரிகைப் படங்களுக்கு ப்ளாக் தயாரிக்கும் இடம் அது. பகலில் உத்தியோகம், மிச்ச நேரத்தில் பம்பாய்த் தெருக்கள். மழையில் நனைந்த தெரு, டிராம் வண்டி, குடை பிடித்த கூட்டம் எல்லாவற்றையும் நீர் வர்ணத்தில் தளதளவென்று எழுதித் தள்ளினார். 1946-இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் வெள்ளிப் பதக்கமும், 1948-இல் தங்கப் பதக்கமும் கிடைத்தன.

இங்கே ஒரு வேடிக்கை. பிற்பாடு அந்நிய தேசத்தில் குடியேறப் போகிற இந்தப் பிள்ளைக்குக் கை கொடுத்தவர்கள் அந்நிய தேசத்திலிருந்து இங்கே வந்து குடியேறினவர்கள்! ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்து 'டைம்ஸ் ஆப் இந்தியா'வில் சித்திரப் பகுதியை நிர்வகித்த வால்ட்டர் லாங்ஹாமர், ஜெர்மனியிலிருந்து வந்து கலை விமரிசனம் எழுதிய ருடால்ஃப் வான் லெய்டன், படம் வாங்கி ஆதரித்த இமானுவேல் ஷ்லெஸிங்கர் ஆகிய மூவரும் பம்பாயின் இளம் ஓவியர்களுக்குப் பெரிய பலமாக இருந்தார்கள். ஐரோப்பாவின் புதிய ஓவியம் எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதை நம் பையன்கள் பம்பாயை விட்டு நகராமலே தெரிந்துகொண்டது இவர்களிடத்தில்தான்.

1947-இல் ஆறு பேர் கூடி 'முற்போக்கு ஓவியர் குழு' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஸூஸா, ரஸா, ஆரா, ஹுஸேன், காடே, பாக்ரே. கோவாக்காரக் கத்தோலிக்கர் ஒருவர், முஸ்லிம்கள் இருவர், ஹிந்துக்கள் மூவர். ஆரா மோட்டார் கார் துடைத்து வயிறு வளர்த்தவர். ஹுஸேன் சினிமாத் தட்டிகளுக்கு வர்ணம் பூசினவர். தேசத்தை மதத்தின் பெயரால் வெட்டிக்கொண்டிருந்த அதே வருஷத்தில் இப்படி ஒரு கூட்டு! ராஜா ரவிவர்மா வழியும் வேண்டாம், வங்காளத்தார் வழியும் வேண்டாம், எங்கள் வழியே வேறு என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள்.

ரஸாவுக்கு அந்த வருஷம் வேறு விதத்திலும் மறக்க முடியாதது. 1947-இல் தாயார் இறந்தார். மறு வருஷம் தகப்பனார் மாண்ட்லாவில் கண்ணை மூடினார். தேசப் பிரிவினையில் உடன்பிறந்தவர்கள் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள். இளம் பிராயத்தில் மணந்த முதல் மனைவி பாத்திமாவும் அங்கே போனார். அந்தக் கல்யாணம் அத்துடன் முறிந்தது. ரஸா மட்டும் போகவில்லை. சிறு பையனாக மாண்ட்லாவில் காந்திஜியைப் பார்த்தவர் அவர். அவருடைய தேசத்தை விட்டுப் போக மனம் வரவில்லை என்று பிற்காலத்தில் காரணம் சொன்னார். இருபத்தாறு வயசு. பெற்றோர் இல்லை, உடன்பிறந்தார் பக்கத்தில் இல்லை, மனைவி இல்லை. சித்திரம் ஒன்றுதான் மிச்சம்.

"தூண் இல்லையே!"

1948-இல் ரஸா காச்மீரம் போனார். ஸ்ரீநகரில் அவருடைய படங்களை ஒரு பிரெஞ்சுக்காரர் பார்த்தார். உலகப் பிரசித்தி பெற்ற புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன்தான் அவர். இந்த மாதிரிப் பெரிய மனிதர் நம் வேலையைப் பார்த்தால் நாம் எதிர்பார்ப்பது என்ன? "பலே!" என்ற ஒரு வார்த்தை. அவர் அப்படிச் சொல்லவில்லை. திறமை இருக்கிறது, ஆனால் படத்தில் கட்டுக்கோப்பு இல்லை. செஸானின் ஓவியங்களை நன்றாகப் பாருங்கள் என்றார்.

செஸான் என்பவர் 1906-இல் காலமான பிரெஞ்சு ஓவியர். மலையும் மரமும் வீடும் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தால் போதாது, வீடு கட்டுகிறவன் தூணும் உத்தரமும் போடுவதைப் போலப் படத்துக்குள்ளே ஒரு அமைப்பு நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். அதுவரையில் ரஸாவின் படங்கள் எப்படி இருந்தன? வர்ணத்தின் குதூகலம் இருந்தது, தூண் இல்லை. சொன்ன வார்த்தை உறைத்தது. பம்பாய் திரும்பி, அலியான்ஸ் பிரான்ஸேஸில் சேர்ந்து பிரெஞ்சு படித்தார். பிரெஞ்சு சர்க்காரின் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1950 அக்டோபரில் பாரிஸுக்குப் புறப்பட்டார். பிரெஞ்சுக்காரர் காரைக்காலை விட்டுப் போவதற்கு நாலு வருஷம் இருக்கையில், இவர் பிரெஞ்சுக்காரர் ஊருக்குப் போனார்.

'பொஸார்' என்று சொல்லப்படும் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் 1953 வரையில் படிப்பு. கையில் காசு குறைவு. கண்ணுக்கு விருந்து அதிகம். அங்கே அவர் முதலில் எழுதின படங்களைப் பார்த்தால், 'இது பம்பாய் ரஸாதானா?' என்று ஆச்சரியமாக இருக்கிறது. 1951-இல் எழுதிய 'ஓ தெ கான்யூ' ஒன்று போதும். தெற்குப் பிரான்ஸில் குன்றின் மேலுள்ள பழைய ஊர் அது. வீடுகள் சீட்டுக்கட்டுப் போல நறுக்குத் தெறித்த கோடுகளில் நிற்கின்றன. மேலே ஒரு கறுப்புச் சூரியன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பம்பாய்த் தெருவில் குடையும் கூட்டமுமாக எழுதினவர், இங்கே மனுஷ்ய வாசனையே இல்லாத ஊரை எழுதுகிறார். புது ஊரில் முதல் வருஷம் இருந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. நான்காம் மாடி ஜன்னலிலிருந்து, யாரையும் தெரியாத தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மருமகப் பெண்ணுக்குத் தெரியும் அந்தக் கறுப்புச் சூரியன் எது என்று.

மெதுவாக அந்த வறட்சி கரைந்தது. எண்ணெய் வர்ணத்துக்கு மாறினார். தூரிகையை வைத்துவிட்டுக் கத்தியால் வர்ணத்தை வாரி அப்பினார். கிராமம், மாதாகோவில், மரம் எல்லாம் சுடர்விட்டு எரிகிற சிவப்பிலும் நீலத்திலும் உருகி ஓடின. லாரா வின்ஸி என்னும் பாரிஸ் கலைக்கூடம் அவருடைய படங்களை எடுத்துக் காட்சி வைத்தது. 1956-இல் அந்த நகரத்தின் விமரிசகர்கள் கூடி வருஷந்தோறும் வழங்கும் 'விமரிசகர் பரிசு' அவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

1959-இல் ஜானீன் மோன்ஜிலாவை மணந்தார். பொஸாரில் உடன் படித்தவர், அவரும் ஓவியர். இருவர் ஒரே தொழிலில் இருந்தால் வீட்டில் சண்டை வரும் என்பார்கள். இவர்கள் நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ், ஆளுக்கொரு பாணியில், ஒருவர் படத்தில் ஒருவர் கை வைக்காமல் வாழ்ந்தார்கள். குளிர்காலம் பாரிஸில், கோடை பிரான்ஸின் தெற்கு மூலையில் கோர்பியோ என்ற சின்ன மலைக் கிராமத்தில். ஜானீன் இந்தியாவுக்குப் பல தடவை கணவருடன் வந்திருக்கிறார்.

'எல்லாம் இருக்கிறது, ஆனால்...'

1962-இல் அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலை, பாடம் சொல்லிக்கொடுக்க அழைத்தது. அங்கே மார்க் ரோத்கோ முதலான அமெரிக்க ஓவியர்களின் படங்களைக் கண்டார். ஊரும் இல்லை, வீடும் இல்லை; வர்ணம் மட்டும் மூச்சு விடுவது போல் நிற்கிற பெரிய பெரிய படங்கள். கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் சொல்லித் தூண் நிறுத்தக் கற்றவர், இங்கே தூணைத் தளர்த்தக் கற்றார் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் வர்ணத்தை விட்டு, சீக்கிரம் உலரும் அக்ரிலிக் வர்ணத்துக்கு வந்தார். கிராமமும் கோபுரமும் மறைந்தன. இருட்டும் நெருப்பும் மிஞ்சின. மாண்ட்லாக் காட்டு ராத்திரி திரும்பி வந்தது, பாரிஸ் ஸ்டூடியோவுக்கு!

இந்தக் காலத்தில் பல படங்களுக்கு 'லா தேர்' என்றே பெயர் வைத்தார். பிரெஞ்சு தெரிந்த காரைக்கால் வாசகர்களுக்குத் தெரியும். 'மண்' என்று அர்த்தம். மண் என்றால் திருமலைராயன்பட்டினத்தாருக்கும் ஒரு கதை ஞாபகம் வரும். வெளியூரிலிருந்து வந்த காளமேகப் புலவரை அரசனுடைய சபையில் அவமதித்தார்கள் என்றும், அவர் கோபித்து வசை பாட, ஊரிலே மண்மாரி பெய்தது என்றும் நம் பாட்டிமார் சொல்லும் கதை. வந்தவனை மதிக்காத ஊர் மண்ணாய்ப் போகட்டும் என்பது புலவருடைய சாபம். ரஸாவின் கதை நேர்மாறு. வந்த ஊர் அவரை மதித்தது, பரிசு கொடுத்தது, பெண்ணும் கொடுத்தது. விட்டு வந்த ஊரின் மண்தான் அவர் தலையில் பெய்துகொண்டே இருந்தது.

1972-இல் எழுதிய 'தபோவனம்' என்ற படத்தைத்தான் என்னைக் கேட்டால் அவருடைய முதல் தரமான படங்களில் வைப்பேன். கறுப்புக்குள்ளிருந்து தணல் மாதிரி வர்ணம் கிளம்புகிறது. காடு என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. பார்த்தால் காட்டுக்குள் நிற்கிறோம்.

ஆனால் படைத்தவருக்குத் திருப்தி இல்லை. ஐம்பது வயசு. பாரிஸில் பெயர், பணம், வீடு எல்லாம் இருக்கிறது. 'நான் எழுதுவது நல்ல பிரெஞ்சு ஓவியம். இதில் என் இந்தியா எங்கே?' என்று ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. அடிக்கடி இந்தியாவுக்கு வந்தார். அஜந்தா, எல்லோரா, காசி, குஜராத், ராஜஸ்தானம் என்று சுற்றினார். ராஜபுத்திரச் சிற்றோவியங்களில் சிவப்புப் பட்டையும் மஞ்சள் பட்டையும் கட்டம் கட்டமாக நிற்பதை உற்றுப் பார்த்தார். அப்போதுதான், எழுபதுகளின் கடைசியில், அந்தப் பழைய தூக்கம் கலைந்தது. ககையா பள்ளிக்கூடத்துச் சுவர்ப் புள்ளி கண்ணைத் திறந்தது.

இதைப் புரிந்துகொள்ளக் கோலப்பொடி போதும்

அதற்குப் பிறகு ரஸாவின் படங்களில் நடுநாயகமாக ஒரு பெரிய கறுப்பு வட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. 'பிந்து' என்று பெயர். சுற்றிலும் முக்கோணம், சதுரம், நேர்க்கோடு. மஞ்சள், நீலம், சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று பஞ்சபூதத்துக்கும் ஐந்து வர்ணம். கறுப்பே தாய் வர்ணம், மற்றவையெல்லாம் அதிலிருந்து பிறக்கின்றன என்பது அவர் கொள்கை. வடக்கே பண்டிதர்கள் இதற்குத் தந்திர சாஸ்திரம், யந்திரம், சூன்யம் என்றெல்லாம் தடிமனான விளக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும்.

நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? விடியற்காலையில் வாசலைத் தெளித்துவிட்டுக் குனிந்ததும் முதலில் வைப்பது என்ன? பூவா, மயிலா, தேரா? புள்ளி! நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று வரிசை கட்டி வைத்த பிறகுதான் கோடு பிறக்கிறது. சிக்குக் கோலத்தில் கோடு எவ்வளவு தூரம் ஊர் சுற்றினாலும் புள்ளியை வளைத்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவேண்டும். சேராவிட்டால் மாமியார் வந்து சொல்வாள், "எங்கேயோ தப்பிவிட்டாய்" என்று. அறுபது வயசை நெருங்கியபோது பாரிஸில் ரஸா கண்டுபிடித்தது இதைத்தான். கோடு சுற்றின ஊரெல்லாம் சரி. புள்ளி எங்கே என்று தேடிப் போய்க் கண்டுபிடித்தார்.

இப்படிப் பழைய சின்னங்களிடம் திரும்பியவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராக இருந்த கே. ஸி. எஸ். பணிக்கர் 1963 முதலே 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஜாதகக் கட்டம் போன்ற படங்களை எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய மாணவரும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவருமான விஸ்வநாதன் 1968-இல் பாரிஸ் போய் அங்கேயே தங்கினவர். அவர் படங்களிலும் முக்கோணமும் சதுரமும்தான் ஆட்சி செய்தன. ஏனோ, பாரிஸ் போனால்தான் நம் ஊர்க் கட்டங்கள் நன்றாகத் தெரிகின்றன போலிருக்கிறது!

1981-இல் 'மா' என்று ஒரு படம். 'அம்மா' என்று அர்த்தம். ஒரு பக்கம் பெரிய கறுப்புப் பிந்து. சுற்றிலும் செம்மண் நிறமும் நெருப்பு நிறமும். அடியில் தேவநாகரி எழுத்தில், ஹிந்திக் கவிஞர் அசோக் வாஜ்பாயியின் கவிதையிலிருந்து, திரும்பி வரப்போகும் மகன் தாயைக் கேட்கும் ஒரு வரி. பாரிஸ் ரசிகர்களில் எத்தனை பேருக்கு அதைப் படிக்கத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாவிட்டால்தான் என்ன? அது அவர்களுக்கு எழுதின வரி அல்ல. கடிதத்தின் மேல் விலாசம் எழுதுவது போல, படத்தின் மேல் எழுதிவிட்டார்.

பிந்துவுக்குப் பாராட்டு எவ்வளவோ, குறையும் அவ்வளவு உண்டு. "இருபது முப்பது வருஷம் இதே வட்டத்தையே எழுதினால் எப்படி? இது ஓவியமா, டிரேட் மார்க்கா?" என்று விமரிசகர்கள் சிலர் கேட்டார்கள். தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. 'கோலம் போடுகிறவளை யாரும் இப்படிக் கேட்பதில்லையே' என்று அவருக்காக வாதாடத் தோன்றும். ஆனால் கோலம் பத்து மணிக்குள் காலடியில் அழிந்துவிடுகிறது. மறுநாள் புது வாசல், புதுக் கோலம். படமோ சட்டத்துக்குள் ஏறிச் சுவரில் நின்றுவிடுகிறது, விலையும் ஏறுகிறது. கடைசிக் காலப் பிந்துக்களில் பல, கை பழகிப்போனதால் வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. எண்பதுகளில் எழுதியவற்றில்தான் தேடிக் கண்டெடுத்த பரபரப்பு இருக்கிறது. 1983-இல் எழுதிய 'சௌராஷ்டிரா'வைப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியும். காட்டுக் காலத்துத் தணலும் சிற்றோவியத்துக் கட்டமும் பிந்துவும் அதில் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. 2010-இல் லண்டன் ஏலத்தில் அது 16 கோடி ரூபாய்க்கு மேல் போயிற்று. 1989-இல் எழுதிய இன்னொரு படம், 'கர்ப்பம்' என்று பொருள்படும் பெயருடையது, 2023-இல் மும்பை ஏலத்தில் 51 கோடியே 75 லட்ச ரூபாய்க்குப் போயிற்று. ப்ளாக் ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்கு உழைத்தவர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

விலை ஏறினால் கள்ளனும் வருவான் அல்லவா? 2009 ஜனவரியில் டில்லியில் அவருடைய படங்களின் காட்சி ஒன்றைத் திறந்துவைக்க அவரையே அழைத்திருந்தார்கள். எண்பத்தாறு வயசுக் கிழவர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனார். பார்க்கப் பார்க்க முகம் மாறிற்று. மாட்டியிருந்த படங்களில் பெரும்பாலானவை அவர் எழுதினவையே அல்ல! கையெழுத்துக்கூடப் போலி. காட்சி அன்றே மூடப்பட்டது.

அறுபது வருஷம் கழித்து

பிரான்ஸில் அத்தனை காலம் இருந்தும் ரஸா இந்தியப் பிரஜை என்ற உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இதைப் படிக்கும் காரைக்கால் வாசகர்கள் கொஞ்சம் நிறுத்தி யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன். இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்து, கடலைக்கூடத் தாண்டாமல் பிரெஞ்சுப் பிரஜைகளாக இருக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர் பாரிஸில் அறுபது வருஷம் இருந்துவிட்டு இந்தியப் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். எது சரி, எது தப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதனதன் கணக்கு.

அவருடைய பாரிஸ் ஸ்டூடியோவில் பிள்ளையாரும் இருந்தார், சிலுவையும் இருந்தது. மசூதிக்குப் போகிறவர் மாதாகோவிலுக்கும் போவார், கோவிலுக்கும் போவார். நாகூரும் வேளாங்கண்ணியும் திருநள்ளாறும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருகிற நம் பக்கத்து ஜனங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

2001-இல் தம் பணத்தைப் போட்டு ரஸா அறக்கட்டளையை ஏற்படுத்தினார். இளம் ஓவியர்கள், கவிஞர்கள், இசைக்காரர்களுக்கு அது உதவி செய்துவருகிறது. 2002-இல் ஜானீன் காலமானார். பிள்ளைகள் கிடையாது. இன்னும் எட்டு வருஷம் பாரிஸிலும் கோர்பியோவிலும் தனியே இருந்து பார்த்தார். பிறகு 2010-இன் முடிவில், எண்பத்தெட்டாம் வயசில், டில்லிக்கே வந்துவிட்டார். வந்து ஓய்வெடுத்தாரா? இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்துகொண்டு, நடுங்குகிற கையால் தினந்தோறும் வர்ணம் தீட்டினார். 1981-இல் பத்மஸ்ரீ கொடுத்த இந்திய சர்க்கார் 2007-இல் பத்மபூஷணும், 2013-இல் பத்மவிபூஷணும் வழங்கியது. பிரெஞ்சு சர்க்கார் 2015-இல் லெஜியோன் தொனேர் விருதைக் கொடுத்தது. இரண்டு வீட்டாரும் சீர் செய்த மாப்பிள்ளை மாதிரி என்று சொல்லலாம்.

2016 ஜூலை 23-ஆம் தேதி, தொண்ணூற்றுநான்காம் வயசில், டில்லியில் காலமானார். தம்மை மாண்ட்லாவில் தகப்பனாருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே அரசாங்க மரியாதையுடன் அங்கே கொண்டு போய்ச் செய்தார்கள். 2023-இல் பாரிஸில் பொம்பிது கலைக்கூடம், 1950-இல் பெட்டியும் கையுமாக வந்து இறங்கிய அந்த மனிதரின் படங்களை வரிசையாக மாட்டிப் பெரிய காட்சி நடத்தியது. பம்பாய் மழைத் தெருவில் ஆரம்பித்துப் பிந்து வரையில்.

மாண்ட்லாவிலும் அவர் பெயரால் அறக்கட்டளை நினைவு விழா நடத்தி வந்திருக்கிறது. அங்கே ஏலமும் இல்லை, விலைச்சீட்டும் இல்லை. நர்மதைக் கரையில் ஊர் ஜனங்கள் கூடுகிறார்கள். பெரியவர், சிறியவர், பள்ளிக்கூடத்துப் பெண்கள் என்று யார் வந்தாலும் வர்ணமும் தூரிகையும் கொடுக்கிறார்கள். வந்தவர்கள் குடைத் துணியிலும் மண்பானையிலும் தங்களுக்குத் தோன்றியதை வரைந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.